பத்து நிமிட ஆட்டம்

அக்கா வீட்டுக்காரரும் நானும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அவர்கள் மகனுடைய காதுகுத்துப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. பிள்ளையை மடியில் வைக்கத் தாய்மாமன் வேண்டும், பத்திரிகைக்கு மட்டும் வேண்டாமா?

ஆனால் இணையத்தில் செஸ் ஆடுகிறோம். நான் கமுதியில், மச்சான் ராமநாதபுரத்தில். ஒரு காய் நகர்த்த மூன்று நாள் கெடு. பேச வேண்டியதே இல்லை.

இன்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்ததும் அவரிடமிருந்து அழைப்பு. நேரடி ஆட்டம், ஆளுக்குப் பத்து நிமிடம். ஒன்றும் புரியாமலே சம்மதித்தேன்.

பாதி ஆட்டத்தில் அவர் அப்படியே நின்றுவிட்டார். என் குதிரையைச் சும்மா வெட்டலாம். அதற்கு என்ன யோசனை? அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு சாட்டில் வந்தது:

"மாப்ள, ஒங்கக்கா இங்கனதான் உக்காந்துருக்கா. நல்லாருக்கியான்னு கேக்கச் சொல்றா."

அவருடைய நேரம் தீர்ந்தது. நான் ஜெயித்துவிட்டதாகக் கணினி சொன்னது.

இன்னும் பதில் போடவில்லை. ஆடத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இதற்கும் மூன்று நாள் கெடு உண்டுதானே?