ஒடெசா கிரம்புக்கு எடுத்த பாராட்டு விழா

ஒடெசா கிரம்ப் முதலில் ஆடியது கறுப்பர்கள் வாழும் ஹார்லெமில், ஒரு முடிதிருத்தும் கடை வாசலில். காலணியின் அடியில் பதித்த இரும்புத் தகடு சிமென்ட்டில் தட்டும் சத்தம் கேட்டு, பாதிச் சவரத்தோடு ஆட்கள் வெளியே வந்து நிற்பார்கள். அப்படியே வளர்ந்து, கறுப்பர்களைப் பின்வாசல் வழியாக மட்டும் உள்ளே விடும் கிளப்புகளில் பெரிய பேர் எடுத்தாள். நான் தேடியஸ், அவளுக்குப் பியானோ வாசித்தவன். அவள் கால்களுக்கு நான் வழிகாட்டியதாக ஊரில் சொல்வார்கள். உண்மையில் அவள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடியதுதான் என் வேலை.

பிறகு நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் ஒரு பெரிய நாடகம். பெண்கள் படியில் இறங்கிக்கொண்டே தட்டி ஆடும் ஆட்டம் முழுக்க அவள் அமைத்தது. போஸ்டரில் மட்டும் ஆட்டத்தை அமைத்தவர் என்று ஒரு வெள்ளைக்காரர் பேர் இருந்தது. இடது கால் எது, வலது கால் எது என்பதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகம் தீரவில்லை. விருது வாங்கிய மேடையில், அந்த ஆட்டம் தனக்குக் கனவில் வந்ததாகச் சொன்னார்.

"கனவுல வந்தது நான்தான் தேடியஸ்," என்றாள் ஒடெசா. "அங்கயும் பின்வாசல் வழியாத்தான் விட்டிருப்பாரு."

ராக் பாட்டு வந்ததும் கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடின. ஒடெசா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குப் போனாள். தலை நரைத்த பிறகு ஒரு பேராசிரியர் வந்து, அவளைத் தான் கண்டுபிடித்துவிட்டதாகக் கட்டுரை எழுதினார். "நான் எங்க தொலைஞ்சேன் தம்பி, இதே தெருவுலதானே இருக்கேன்?" என்று கேட்டாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

கட்டுரையைப் பார்த்து நகரத்தின் பெரிய அரங்கம் ஒன்று வாழ்நாள் விருது அறிவித்தது. விழா அன்று மாலை, மேலாளர் ஹாலிஸ்டர் அவள் காலணியைப் பார்த்துப் பதறிப் போனார். மேடைக்குப் புதிதாக மேப்பிள் மரப் பலகை போட்டிருந்தார்கள்.

"அம்மா, இந்தக் கலையில நீங்க பதிச்ச அழியாத தடத்தைத்தான் கொண்டாடுறோம்," என்றார். "பலகையில மட்டும் தடம் விழக் கூடாது."

கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார். தட்டும் சத்தத்தை ஒலிநாடாவில் போடுவார்களாம். போய்விடலாம் என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஒலிநாடா ஓடியது, தகடுச் சத்தம் மழையாய்க் கொட்டியது. ஒடெசா மேடை நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விரல்கூட அசையவில்லை. வெட்கப்பட்டு யாராவது தலைகுனிவார்கள் என்று காத்திருந்தாள். நாடா முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஹாலிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அசைவைத் துறந்து நடனத்தையே கடந்துவிட்டார் என்று மறுநாள் பத்திரிகை எழுதியது. பாரிசிலிருந்தும் அழைப்பு வந்தது, அதே போல வந்து நிற்க வேண்டுமாம். அன்று அவள் சிரித்தாள், கொஞ்சம் அழவும் செய்தாள். பிறகு பாரிசுக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள்.

"ஆடுனப்போ முட்டிதான் போச்சு," என்றாள் திரும்பி வந்து. "நிக்கறதுக்கு ஏரோப்ளேன் அனுப்புறாங்க."

இப்போது சனிக்கிழமைகளில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கு ஆடச் சொல்லித்தருகிறாள். சத்தம் தாங்கவில்லை என்று பாதிரியார் புகார் செய்துகொண்டிருக்கிறார்.