ஒரு போத்தல் பெட்ரோல்

பழைய கார் பார்த்துவிட்டு வந்த பேரனின் சட்டையில் பெட்ரோல் மணத்தது. அந்த மணம் என்னை, சிறுவயதில் நாங்கள் இருந்த டத்தோ கிராமாட் வீட்டுக்கு இழுத்துப்போனது.

அப்பா, கைக்கு எட்டிய விலையில் பழைய கார் தேடிய காலம். எவ்வளவு குடிக்கிறது என்று அறிய, எந்தக் காரிலும் ஒரு போத்தல் பெட்ரோல் மட்டும் ஊற்றி, தீரும்வரை விற்பவரை ஓட்டச் சொல்வார். எங்கே நிற்கும் என்று பார்க்கவே நானும் ஏறிக்கொள்வேன். ஒரு கார் கொஞ்ச தூரத்திலேயே எல்லாவற்றையும் குடித்துவிட்டு, எங்கள் வாசலில் இருமி நின்றது. வாங்கியாயிற்று என்று நினைத்த அம்மா ஆரத்தி சுற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார்.

“எண்ணெய் தீந்து நிக்குது. இந்தக் காடி வேணாம்,” என்றார் அப்பா, காரைக் காட்டி.

“பழம் வச்சப்புறம் எப்படிங்க திருப்பி அனுப்புறது?”

வாங்கினோம். அது ஓடியதைவிட வாசலில் நின்றதே அதிகம்.

பேரனிடம் சொன்னேன்: “ஓட்டிப் பாக்குறப்ப நம்ம வீட்டுப் பக்கம் மட்டும் வந்துடாதப்பா. உங்கம்மா எலுமிச்சம்பழம் வாங்கி வச்சிட்டா.”