நான் சம்பந்தியம்மா ஆன காணும் பொங்கல்

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் பெண் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் நான் முதன்முதலில் சம்பந்தியம்மா ஆனது ஆறு வயதில்தான். அப்போது கிடைத்த மரியாதையில் கால்வாசிகூட நிஜமாக ஆனபோது கிடைக்கவில்லை. இதை மருமகள் வீட்டார் காதில் விழும்படியே சொல்வேன், எனக்கென்ன பயம்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். ஏரிக் கால்வாய் ஊரை இரண்டாக்கிக்கொண்டு ஓடும். இக்கரையில் எங்கள் வீடு, நேர் எதிரே அக்கரையில் பெரியப்பா வீடு. நடுவில் ஒரு பனங்கட்டை கிடந்தது. காலையில் எங்கள் வீட்டுக் கூழ், மத்தியானம் பெரியம்மா கைச்சோறு என்று அந்தக் கட்டையின் மேல் நடந்து நடந்தே நான் வளர்ந்தேன்.

அப்புறம் ஆந்திரா தனி மாநிலமாயிற்று. எங்கள் பக்கத்து ஊர்கள் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. மதராசோடு சேர வேண்டும் என்று ஒரு மனு வந்தது, நைனா, அதாவது என் அப்பா, அதில் கையெழுத்துப் போட்டார். ஆந்திராவிலேயே இருக்கட்டும் என்று இன்னொரு மனு வந்தது, அதில் பெரியப்பா போட்டார். அவருக்குக் கடலைக்காய் வியாபாரம், வாரம் தவறாமல் திருப்பதிக்கும் சித்தூருக்கும் போய்வருகிறவர். ஒருநாள் வாய்ச்சண்டை முற்றியது. "அவுரு ஆந்திராவுல இருக்கட்டும், நான் மதராசுல இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நைனா பனங்கட்டையைப் பெயர்த்துக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகைக்கு உத்திரமாகப் போட்டுவிட்டார். அரசாங்கத்துக்கு எல்லை போடப் பல வருஷம் பிடித்தது, எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பொழுது போதுமாக இருந்தது.

கால்வாய் ஒன்றும் பெரிய அகலமில்லை. ஆம்பளைகள் நினைத்தால் ஒரே தாண்டு. ஆனால் அண்ணன் தம்பி இரண்டு பேருமே நினைக்கவில்லை. பொம்பளைகளும் பிள்ளைகளும் போக வேண்டுமென்றால் மதகு வரை அரை மைல் சுற்ற வேண்டும், என்னை யார் தனியாக விடுவார்கள். ஒரு வருஷம் பெரியம்மா கைச்சோறு இல்லாமல் போயிற்று. எந்த மாநிலமானால் எனக்கென்ன, அந்தச் சோறு போனதுதான் எனக்கு அழுகையாக வந்தது.

காணும் பொங்கலன்று பிற்பகல் சின்னப் பிள்ளைகள் வேஷம் கட்டி ஏதாவது ஆடிக் காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த வருஷம் அம்மாவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு கரையில் துணி துவைத்தபடியே பேசி, கல்யாண நாடகம் என்று முடிவுசெய்தார்கள். இக்கரை மாப்பிள்ளை வீடு, அக்கரை பெண் வீடு. பெண், பெரியப்பாவின் கடைக்குட்டி, நாலு வயது. மாப்பிள்ளை, எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், அவனுக்கும் நாலு. மாப்பிள்ளையைப் பெற்றவள் நான். பிள்ளைகளே பாலம் போட்டு, ஊர்வலம் அதன் மேல் அக்கரை போவதாக ஏற்பாடு. அதற்கென்று ஒரு பலகைக் கல் வண்டியில் வந்து எங்கள் கரையில் இறங்கியிருந்தது.

ஊரே இரண்டு கரையிலும் உட்கார்ந்தது. நைனா இக்கரையில் கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டார். பெரியப்பாவும் அக்கரையில் அதேபோல் போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்தார். மாட்டுக் கொம்புக்குப் பூசி மிச்சமிருந்த சாயமெல்லாம் பிள்ளைகள் முகத்தில் இருந்தது. மாட்டுச் சலங்கைகள் மேளக்காரர்கள் காலில் இருந்தன. மாப்பிள்ளை இரண்டு தரம் தலைப்பாகையைக் கழற்றி எறிந்தான். மணப்பெண் மாலையிலிருந்த சாமந்தியை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் மட்டும் அம்மாவின் பட்டுப்புடவையை நாலாய் மடித்துச் சுற்றிக்கொண்டு, தட்டேந்தி, மூக்கைத் தூக்கி நின்றேன். அப்படி ஒரு சம்பந்தியம்மாவை அந்த ஊர் அதற்கு முன்பு பார்த்திருக்காது.

பாலம் போடும் கட்டம் வந்தது. கிணற்றுக் கயிற்றைக் கல்லில் கட்டி அக்கரைப் பிள்ளைகள் இழுத்தார்கள், இக்கரைப் பிள்ளைகள் தள்ளினார்கள். கல் அசையவில்லை. கயிறு கை நழுவி அக்கரைக் கூட்டம் மொத்தமும் மல்லாக்க விழுந்தது. ஊர் சிரித்தது. பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து ஆம்பளைகள் எழுந்தார்கள்.

"உக்காருங்க. புள்ளைங்க ஆட்டம் இது, நீங்க எதுக்கு?" என்று அம்மா அவர்களை அதட்டி உட்கார வைத்தாள். அக்கரையில் பெரியம்மாவும் அதையே செய்தாள்.

பாலம் இல்லையென்றால் ஊர்வலம் இல்லை, பெரியம்மா வீடும் இல்லை. வேஷத்தையெல்லாம் மறந்து, தட்டைக் கீழே போட்டுவிட்டு நைனாவைப் பார்த்து ஓவென்று அழுதேன். "கல்லு போடு நைனா. நான் பெரிம்மா ஊட்டுக்குப் போவணும்."

நைனா கட்டிலைவிட்டு எழுந்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாறையை எடுத்தார். நெம்பி நெம்பிக் கல்லைக் கால்வாயின் மேல் பாதிவரை நகர்த்திவிட்டார். அதற்கு மேல் நகர்த்தினால் முன்பக்கம் தண்ணீரில் சாயும். அந்த முனையைத் தாங்க அக்கரையிலிருந்து ஓர் ஆள் வேண்டும். கல் ஆடியது.

பெரியப்பா தண்ணீரில் இறங்கினார்.

"அடியில புடிடா, வெரல வெச்சி நசுக்கிக்காத."

"புடிச்சிக்கினுதாண்ணா கீறேன்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசியது அவ்வளவுதான். கல் அக்கரையில் போய் உட்கார்ந்தது. ஊர் கைதட்டியது.

நான் நகரவில்லை. பெண்ணைப் பெற்றவர் எதிரே வந்து அழைக்காமல் சம்பந்தியம்மா காலெடுத்து வைப்பாளா? முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொண்ண பெத்தவரு வந்து கூப்புடணும்" என்றேன். பெரியப்பா சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியோடு அந்தக் கல்லின் மேல் நடந்து எங்கள் கரைக்கு வந்தார். என் முன்னால் கைகூப்பி, வாருங்கள் என்று தெலுங்கிலேயே, "ரண்டி சம்பந்தியம்மா, ரண்டி" என்றார். பிறகு நைனா பக்கம் திரும்பினார்.

"நீ என்னடா, உனுக்குத் தனியா வெத்தல பாக்கு வெக்கணுமா? வா, சோறு துன்னலாம்."

மேளமும் சலங்கையுமாக நான்தான் முன்னால் நடந்தேன். எனக்குப் பின்னால் நைனாவும் பெரியப்பாவும் வந்தார்கள். கைதட்டல் நிற்கவேயில்லை. பெரியம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள். என் நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்தது போலும் என்று எண்ணிக்கொண்டேன். அன்றைக்கு மூன்று தரம் சோறு வாங்கித் தின்றேன்.

கடைசியில் எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. நைனா நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அந்த நாலு நாளும் சாப்பிட்டது பெரியப்பா வீட்டில்தான். பனங்கட்டை கொட்டகையிலேயே இருந்தது. கல் கால்வாயின் மேல் இருக்கிறது, இன்றைக்கும்.

அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம், அன்று மத்தியானம் புடவை கட்டிக்கொள்ள நின்றபோது அம்மாவிடம் கேட்டது நினைவுக்கு வரும்.

"ஏம்மா, இம்மாம் பெரிய கல்ல பசங்க எப்பிடித் தூக்குவாங்க?"

"தூக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா கொசுவத்தைச் செருகினாள்.

பாவம், அம்மாவுக்கு நாடகம் போடத் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.