முழுச் சுற்று

கிரிவலப் பாதையை நடந்தே சுற்றி, வழியில் கிடைப்பதையெல்லாம் ருசி பார்க்க வேண்டும் என்று சென்னைத் தோழி வித்யா என்னை இழுத்து வந்திருந்தாள். பாதி வழியில் தொன்னையில் புளிசாதம் வாங்கித் தந்தாள். சூட்டில் வெந்த இலையின் வாசனை. கை வாய்வரை போய் நின்றுவிட்டது.

அப்பா எங்களை விட்டுப் போன பிறகு, பௌர்ணமிதோறும் அம்மா மஞ்சள் புடவை கட்டி என்னையும் தம்பியையும் இங்கே கூட்டிவருவாள். அன்னதானப் பந்தல்களில் வயிறு நிறைந்ததும் பாதியிலேயே திரும்பிவிடுவோம். தெருவே அவள் பக்தியை மெச்சியது.

ஒருநாள் பக்கத்து வீட்டு ராணி அழுதுகொண்டே வந்தாள். "அக்கா, நீங்க மாசாமாசம் மலை சுத்தறவங்க. எம்புள்ளைக்கு ஜுரம் எறங்கணும்னு வேண்டிக்கிட்டு ஒரு சுத்து சுத்துங்க."

அந்தப் பௌர்ணமிக்கு அம்மா எந்தப் பந்தலிலும் நிற்கவில்லை. "பசிக்குதும்மா" என்று அழுத தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலை முழுவதையும் சுற்றினாள். திரும்பியபோது தெருமுனையிலேயே சங்குச் சத்தம் கேட்டது.

ராணி அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "நெஜமா முழுசா சுத்துனீங்களாக்கா?"

அதன்பின் அம்மா எங்களை மலைப்பக்கம் கூட்டிவரவே இல்லை.

"இன்னும் பாதிதான்டி, முழுசா சுத்திடலாமா?" என்றாள் வித்யா.

"வேணாம்டி, இங்கயே திரும்பிடலாம்."