ஓடையில் கடல் கண்ட ஞானதாஸ் வாத்தியார்

ஞானதாஸ் வாத்தியார் கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். வேளாங்கண்ணிக்குப் போனபோது முழங்கால் மட்டும் இறங்கியவர், அலை வேட்டியை இழுத்ததும் கரையேறிவிட்டாராம். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் திண்டுக்கல்லுக்கே ஒரு கடலைக் கொண்டுவந்தார்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருசம் அது. நான் சேக் பரீது ராவுத்தரின் சுண்ணாம்புக் காளவாசலில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தோலில் மயிர் கழலச் சுண்ணாம்பு வேண்டும் அல்லவா? ஊரில் பாதித் தோல் ஷாப்புக்கு எங்கள் சுண்ணாம்புதான். கல் அரியலூர்ப் பக்கமிருந்து கூட்ஸ் வண்டியில் வரும். அதில் சுருண்டு சுருண்டு சில கல் கிடக்கும். உள்ளே மண் இறுகிப்போயிருக்கும், நெருப்பில் வேகாது. தட்டிப் பார்த்து அதையெல்லாம் ஒதுக்கிக் கூடையில் அள்ளி, பின்னால் இருக்கும் ஓடையில் கொட்ட வேண்டும். பன்னிரண்டு வருசமாகக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் வாத்தியார் அந்த ஓடைப் பக்கம் ஒதுங்கப் போனார். போன வேலையை முடித்தாரோ இல்லையோ, கையில் ஒரு கல்லோடு ஓடி வந்தார்.

“மூக்காயி! இது என்னன்னு தெரியுமா?”

“வேகாத கல்லு சார்.”

“கல்லா? இதுக்கு அம்மோனைட்டுன்னு பேரு. கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னால கடல்ல திரிஞ்ச உசுரு. அது இந்த ஓடையில கிடக்குதுன்னா என்ன அர்த்தம்? இந்த ஊரே கடலா இருந்திருக்கு!”

“அதை நாந்தான் சார் கொட்டுனேன்.”

“ஆமா, நீ கூடையில கொட்டித்தான் கடல் வந்துச்சாக்கும். போ, போய் வேலையப் பாரு.”

அன்றிலிருந்து மூன்று வருசம் அந்த ஓடையைச் சல்லடை போட்டார். படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். கல்லைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாவிட்டால் படத்தைத் தப்பு என்பார். நத்தைக் கல்லையும் சேர்த்து அலமாரியில் அடுக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“சார், இது வேற. இது கோபுரமா மேல எழும்புது பாருங்க. உங்க அம்மோனைட்டு முறுக்கு மாதிரி தட்டையாச் சுத்தும். உடைச்சா உள்ளாற அறை அறையாத் தடுப்பு இருக்கும்.”

“நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?” என்றார். நத்தை அலமாரியிலேயே இருந்தது.

இம்புட்டு ஆட்டத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. புதுச் சாதியாக ஒன்றைக் கண்டுபிடித்தால் கண்டுபிடித்தவர் பெயரையே அதற்கு வைப்பார்களாம். முள் முள்ளாக இருந்த ஒரு பெரிய கல்லை அதற்கென்றே பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. “நமக்கப்புறம் உங்க பேரு அந்தக் கல்லுலயாச்சும் இருக்கட்டும்” என்று அவர் சம்சாரம் ரோசலினம்மா சொன்னதைக் கேட்டபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருச்சியிலிருந்து ஒரு காலேஜ் புரபசர் கல்லைப் பார்க்க வந்தார். வாத்தியார் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார், வைகாசி வெயிலில். அலமாரிக் கல்லையெல்லாம் கரையில் பரப்பி வைத்திருந்தார். புரபசர் முதலில் அதிலிருந்து நத்தைகளைத் தனியே ஒதுக்கினார். பிறகு பட்டுத் துணியைப் பிரித்துப் பார்த்தார்.

“இதுக்கு வெள்ளைக்காரன் ஒருத்தன் நூறு வருசத்துக்கு முன்னாலயே பேரு வச்சிட்டான். அது கிடக்கட்டும், இது அரியலூருக்கிட்ட ஊட்டத்தூர்ப் பக்கத்துக் கல்லாச்சே? இங்க சுத்தியும் கருங்கல்லு. எப்படி வந்துச்சு?”

வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார். மூன்று வருசத்தில் அன்றுதான் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்துவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை. அதற்காக என் கூடையை நானே இல்லை என்று சொல்ல முடியுமா?

“நாந்தாங்க கொட்டுனேன். கூட்ஸ் வண்டியில வந்தது.”

“ஒண்ணுகூடவா இந்த ஊருது இல்ல…” என்றார் வாத்தியார், மெதுவாக.

“எல்லாமே நான் கொட்டுனதுதான் சார்.”

புரபசர் சிரித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார்.

ஒரு மாதம் வாத்தியார் காளவாசல் பக்கமே தலைகாட்டவில்லை. பிறகு ஒருநாள் பழைய மிடுக்கோடு வந்து நின்றார். கல் ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டிவிட்டாராம்.

“கிடைத்த இடம், திண்டுக்கல் ஓடைன்னு எழுதிருக்கேன். பொய்யில்லையே மூக்காயி? ஓடையிலதான கிடைச்சுது?”

“அப்ப அங்க கொண்டாந்து போட்டது யாருன்னும் எழுதுங்க.”

“எழுதிட்டேன், எழுதிட்டேன்” என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அந்த நடை எனக்குச் சரியாகப் படவில்லை. மறுநாள் அவர் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டுக்குப் போய் ரோசலினம்மாவைச் சீட்டைப் படிக்கச் சொன்னேன். அந்தம்மா படித்தார், நிறுத்தினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“கொண்டு சேர்த்தது… வெள்ளம்.”

நான் கொட்டிய பதினைந்து வருசத்தில் அந்த ஓடையில் கணுக்கால் நனையத் தண்ணீர் வந்தது இரண்டு தடவை. என் இடுப்பு வலிக்கு வெள்ளம் என்று பெயர் வைத்துவிட்டார் மனிதர்.

“அந்தச் சொல்லு எங்கன இருக்கும்மா? விரலை வைங்க” என்றேன்.

ரோசலினம்மா வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு வாத்தியாரின் பேனாவையே எடுத்து என் கையில் கொடுத்து, விரலை வைத்தார். எழுதத்தான் தெரியாது, வெள்ளத்தின் மேல் ஒரு கோடு இழுக்கவுமா தெரியாது? நாற்பத்தொரு சீட்டு. அந்தம்மா விரல் வைக்க வைக்க நான் இழுத்துக்கொண்டே வந்தேன். வாத்தியார் வந்தால் வரட்டும் என்று காப்பியும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.