ரோகினி லிஸ்டும் புஷ்பவள்ளி காப்பும்

மலேசியாவுல, புக்கிட் பெலண்டோக் பக்கத்துல அந்தச் செம்பனைத் தோட்டம். ஏர்போர்ட் கிட்ட. எறங்கற பிளேனோட வயிறும் சக்கரமும் தலைக்கு மேல அப்படியே தெரியும். அந்தச் சத்தத்துக்குக் கீழதான் புஷ்பவள்ளி முதுகுல தொட்டிய மாட்டிக்கிட்டு புல்லுக்கு மருந்தடிச்சா, புள்ளைங்கள ஆளாக்கினா. முட்டி போனதும் லுக்குட் டவுன்ல ஒரு கம்பெனி கேண்டீனுக்குத் தட்டு கழுவப் போனா. பிளேன்ல மட்டும் ஏறினதில்ல. அது ஒரு குறைன்னு தோணினதும் இல்ல, ரோகினி வீட்டு ஐஸ்பெட்டியப் பாக்கற வரைக்கும்.

ரோகினி பக்கத்து வீட்டுக்காரி. ரெண்டு பேரும் ஒரே கூட்டத்துல மருந்தடிச்சவங்க. ரோகினி மக திலகாவுக்கு சிங்கப்பூர்ல வேல. தீபாவளிக்கு வந்தவ, "அம்மா, உனக்கு என்னென்ன ஆசைம்மா?"ன்னு கேட்டு ஒரு தாள்ல எழுதி ஐஸ்பெட்டியில ஒட்டிட்டுப் போயிட்டா. கேமரன் மலைக்குப் போகணும். போர்ட்டிக்ஸன் கடல்ல கழுத்தளவு எறங்கணும். நண்டு சாப்பிடணும், அடுத்தவங்க சமைச்சுக் கொடுத்து. பிளேன் ஏறணும். முடிஞ்சதுக்கெல்லாம் சிவப்புப் பேனாவுல ஒரு கோடு.

காலைப் பெரட்டுல பேரு கூப்பிடுவாங்க, வேலையப் பிரிச்சுக் கொடுப்பாங்க. உனக்கு என்ன ஆசைன்னு, வேல வாங்கற எந்த மண்டோரும் கேட்டதில்ல. இப்ப ரோகினிய மட்டும் ஒருத்தர் கேட்டிருக்காங்க. புஷ்பவள்ளிக்குச் சோறு எறங்கல. சம்பளம் கொறைஞ்சா கொடி புடிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரி சந்தோஷத்துக்கு எதிரா எந்தக் கொடியப் புடிக்கறது?

அவளும் ஒரு லிஸ்ட் போட்டா, பழைய காலண்டர் தாள் பின்னாடி. புருஷன் முனியாண்டி எடுத்துப் படிச்சுட்டுச் சிரிச்சாரு.

"கேமரன் மலை ரெண்டு தடவ. நண்டு ரெண்டு. பிளேன் ரெண்டு. என்ன புஷ்பா, எல்லாம் அவ ஆசைய ரெண்டாப் பெருக்கி வச்சிருக்க? உனக்குன்னு ஒண்ணு கெடையாதா?"

"ஒங்க வேலையப் பாருங்க."

"உன் வயித்துல எரியற நெருப்ப அள்ளிக் கொட்டினா போதும். கோயிலுக்கு இந்த வருசம் வெறகு மிச்சம்."

கோயில் பேச்ச அவரு சும்மா எடுக்கல. தோட்டத்து மாரியம்மா கோயில் திருவிழா கிட்ட வந்துடுச்சு. தீமிதியில பொம்பளைங்கள்ல மொத ஆளா எறங்கறது எப்பவும் புஷ்பவள்ளிதான். மகன் மஞ்சக்காமாலையில கெடந்தப்ப நேந்துக்கிட்டது, விட்டதே இல்ல. ரோகினிகிட்ட இல்லாதது தன்கிட்ட இது ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தா.

அந்த வாரமே ரோகினி வேலிகிட்ட வந்து நின்னா.

"புஷ்பா, நானும் இந்த வருசம் தீ மிதிக்கப் போறேன்லா. லிஸ்ட்ல சேத்துட்டேன்."

"லிஸ்ட்லயா? அது நேர்த்திக்கடன்டி. சுத்திப் பாக்கற எடமா?"

"எனக்கும் ஆத்தாகிட்ட சொல்ல நாலு வார்த்தை இருக்கும்ல. சரி, காப்பு எப்போ கட்டணும்? நடுவுல லங்காவிக்கு பிளேன் டிக்கெட் போட்டிருக்கா திலகா."

புஷ்பவள்ளி மனசுல அப்பத்தான் அந்தக் கணக்கு ஓடுச்சு. மஞ்சக் கயித்தக் கையில காப்பாக் கட்டிட்டா, தீ மிதிச்சு அவுக்கற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாது. மொதல்லாம் எல்லாருக்கும் பத்து நாள். டவுனுக்குப் போனவங்களுக்கு லீவு கெடைக்கலன்னு போன வருசம் கோயில் கூட்டத்துல மூணு நாளாக் கொறைச்சுட்டாங்க. ரோகினி அந்தக் கூட்டத்துக்கு வரல.

"பத்து நாள் கட்டணும். அதுக்குக் கொறைஞ்சு கட்டினா ஆத்தா ஏத்துக்க மாட்டா"ன்னா புஷ்பவள்ளி.

ரோகினி மூஞ்சி சுருங்கிப் போச்சு. புஷ்பவள்ளி அன்னிக்கு வயிறாரச் சாப்பிட்டா.

பத்து நாள் காப்பு கட்டற வெள்ளிக்கிழமை. பூசாரி மணியம் கையால மொத ஆளா காப்பு வாங்கினா புஷ்பவள்ளி. திரும்பித் திரும்பிப் பாத்தா. ரோகினி வரல. சரி, பிளேனுக்காக தீய விட்டுட்டா, ஏதோ ஒண்ணுல நாம மேலதான்னு வீட்டுக்கு வந்தா. வாசல்ல ரோகினி நின்னா. கையில திலகா அனுப்பின டிக்கெட் தாள்.

"பூசாரிண்ணன்கிட்ட கேட்டேன். மூணு நாள் போதுமாமே."

"அப்படியா? எனக்கு எங்க தெரியும்?"

"கூட்டத்துல எந்திரிச்சு நின்னு எதுத்துப் பேசினதே நீதானாம்லா."

புஷ்பவள்ளி துணிக்கொடிய சரி பண்ணற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. ரோகினி அந்தத் தாள நீட்டினா. ரெண்டு பேரு இருந்துச்சு. ரெண்டாவது பேரு, புஷ்பவள்ளி த/பெ மாரிமுத்து.

"தனியா ஏற எனக்குப் பயம்டி. நீ பக்கத்துல இருந்தா சண்டை போட்டுக்கிட்டே போய் எறங்கிடலாம்னு நெனச்சேன். செவ்வாக்கெழம பிளேன். சொல்லாம வச்சு உன் மூஞ்சியப் பாக்கலாம்னு இருந்தேன்." கையில இருந்த மஞ்சக் கயித்தப் பாத்தா. "நீ இப்படி முந்திக்குவேன்னு யாருக்குத் தெரியும்?"

அவுத்துட்டுப் போக முடியாதான்னு கேக்கலாம். காப்போட லுக்குட் பசாருக்கு மீன் வாங்கப் போன புனிதன்ங்கற பையன நடுக்கோயில்ல நிக்க வச்சுக் கிழிச்சவ புஷ்பவள்ளி. அவ எப்படி அவுப்பா? மகன் உசுரோட நிக்கறான்னா இந்தக் கயிறுதான் காரணம்னு நம்பறவ.

"எதுத்த வீட்டு லெட்சுமியக் கூட்டிக்கிட்டுப் போ"ன்னா.

"பேர மாத்த முடியாதாம்."

செவ்வாக்கெழம புஷ்பவள்ளி செம்பனை ஓரத்துல நின்னு மேல பாத்தா. ஒண்ணு போச்சு. பின்னாலயே இன்னொண்ணு. எதுல ரோகினி இருக்கான்னு தெரியல. தெரியாததால எல்லாத்தையும் திட்டினா. சாயங்காலம் வாட்ஸப்புல படம் வந்துச்சு. ஜன்னல், மேகம், கண்ண இறுக்க மூடிக்கிட்டு ரோகினி. பக்கத்து சீட்டுல ரோகினியோட கைப்பை, பெல்ட்டுகூட போட்டுவிட்டிருக்கா.

"பாத்தீங்களா? அவ பை கூட பிளேன் ஏறிடுச்சு"ன்னா புருஷன்கிட்ட.

முனியாண்டி சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய கெளம்பிட்டாரு. அவருக்கும் உசுரு மேல ஆசை இருக்கே.

திரும்பி வந்து ரோகினி மூணு நாள் காப்பு கட்டினா. தீமிதி அன்னிக்கு வரிசையில புஷ்பவள்ளிக்குப் பின்னாடியே நின்னா. புஷ்பவள்ளி எறங்கினா, எப்பவும் போல நடந்தா, கடைசியில இருக்கற பால்குழியில கால வச்சா. திரும்பிப் பாத்தா. அந்தக் கரையில ரோகினி அப்படியே நிக்கறா. கால எடுத்து வைக்கறா, பின்னுக்கு இழுக்கறா. பின்னாடி நிக்கறவங்க முணுமுணுக்கறாங்க. பூசாரி ஒதுங்கச் சொல்லிக் கைய நீட்டிட்டாரு.

ஒதுங்கிட்டா புஷ்பவள்ளிதான் மேல. ஆத்தா சத்தியமா அவ அதத்தான் வேண்டிக்கிட்டா. ஆனா வாய் வேற பேசுச்சு.

"ஏண்டி, பிளேன்ல பறந்தவளுக்கு இந்தக் குழி பயமா? கண்ண மூடிக்கிட்டு போட்டோ எடுத்தவதானே நீ? இங்க தொறந்துக்கிட்டு வா. என்னப் பாத்து வா."

ரோகினிக்கு வந்த கோவத்துல விறுவிறுன்னு நடந்தா. பால்குழிக்கு வந்துதான் மூச்சே விட்டா. ரெண்டு பேரும் பால்ல நின்னாங்க, ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காம.

"லிஸ்ட்ல ஒரு கோடு போட்டுக்க"ன்னா புஷ்பவள்ளி.

"போடாம? உன் லிஸ்ட்ல என்ன இருக்கு? முனியாண்டிண்ணன் சொல்லிச் சிரிச்சாரு, எல்லாம் ரெண்டாமே."

"கிழிச்சுட்டேன். இப்ப ஒண்ணே ஒண்ணுதான். பிளேன்."

"காப்பு அவுத்ததும் திலகாகிட்ட ரெண்டு டிக்கெட் போடச் சொல்லவா?"

"ஒண்ணு போதும். நான் கேண்டீன் காசுல போட்டுக்குவேன். ஜன்னல் சீட்டு." புஷ்பவள்ளி ஈரக் கால எடுத்து வெளிய வச்சா. "நீ நம்ம செம்பனை ஓரத்துல நின்னு, தலையத் தூக்கி, எதுல நான் போறேன்னு தேடு."