கல்லறைப் பதிவுப் பக்கத்தின் சான்றிதழ்

மலேசியாவின் கோல சிலாங்கூரில் நாங்கள் பிறந்த தோட்டம் கைமாறியது. அங்கிருந்த கல்லறைகளை வேறிடத்துக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். யார் யாரை அங்கே அடக்கம் செய்தோம் என்று திரட்ட ஒரு குழு அமைத்தோம். ரவாங்கில் கணினி வேலை பார்ப்பவன் என்பதால், இணையப் பதிவுப் பக்கம் என் பொறுப்பில் வந்தது.

இடையில், பக்கம் உண்மையானதுதான் என்று கைப்பேசிகளுக்குக் காட்டும் சர்வர் சான்றிதழைப் புதுப்பித்தேன். மறுநாளே சிலருடைய கைப்பேசிகளில், இந்தப் பக்கத்தை நம்ப முடியாது என்ற எச்சரிக்கை வந்தது. என் கணினியில் பக்கம் ஒழுங்காகத்தான் திறந்தது. கோளாறு அவர்களிடம்தான் என்று முடிவுகட்டி, எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகச் சொல்லி வாட்சாப்பில் எழுதிவிட்டேன்.

சுங்கை புரோங்கிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் குடியிருந்தவர். அவருடைய பிள்ளை அங்கேதான் அடக்கமாகியிருந்தது. எச்சரிக்கையைப் பார்த்து மூன்று முறை திரும்பிவிட்டாராம். பயப்படாமல் அழுத்துங்கள் என்றேன்.

“சிவப்பா வந்தா தொடாதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. இப்ப நீயே தொடச் சொல்றியே தம்பி,” என்றார்.

அப்போதுதான் என் கைப்பேசியிலும் திறந்து பார்த்தேன். அதே எச்சரிக்கை.

எங்கள் சான்றிதழுக்கு உறுதி சொல்வது நடுவிலுள்ள இன்னொரு சான்றிதழ். அதற்கு உறுதி சொல்லும் மூலச் சான்றிதழைத்தான் கைப்பேசிக்குத் தெரியும். நடுவிலுள்ளதை நான் சர்வரில் சேர்க்கவே இல்லை. என் கணினி எப்போதோ வேறெங்கோ அதைப் பார்த்து வைத்திருந்ததால், என் தவறு என் கண்ணில் படவில்லை. எங்களுடையதையும் நடுவிலுள்ளதையும் வரிசையாக ஒரே கோப்பில் வைத்து சர்வரை மறுபடி இயக்கினேன். எச்சரிக்கை போய்விட்டது. தவறு என்னுடையது என்று குழுவில் எழுதினேன்.

அந்த அம்மாவை அழைத்துச் சொன்னேன். பக்கம் திறந்துவிட்டது என்றார். படிவத்தை நிரப்பத் தொடங்கினார்.

“பேரு கேக்குது தம்பி. பேரு வைக்கல. ரெண்டு நாளுதான் இருந்துச்சு.”

பெயர் இல்லாமல் பதிய முடியாதபடி அந்தப் படிவத்தை அமைத்தவன் நான்தான். அவரைத் தொடர்பிலேயே இருக்கச் சொல்லி, அந்தக் கட்டாயத்தை எடுத்தேன். தாயின் பெயரும், வேலியோரம் இரண்டாவது வரிசை என்ற குறிப்பும் மட்டும் பதிவாயின.

அந்த வாரத்திலேயே பெயரில்லாமல் இன்னும் நான்கு குழந்தைகள் பட்டியலில் சேர்ந்தன.